கால் பார்க்கும் பெட்டிக்குக் கற்பூரம்

நம் தீவில், காத்ர் போர்ன் ஊரில் முனிசாமி வாத்தியாரைப் பற்றி இரண்டு பேரிடம் விசாரித்தால் இரண்டு வேறு ஆட்களைப் பற்றிச் சொல்வார்கள். கோயில் கமிட்டியில் கேட்டால், வெள்ளிக்கிழமை தவறாத பக்தர், சாஷ்டாங்கமாக விழுந்தால் எழுந்திருக்க ஐந்து நிமிஷம் ஆகும் என்பார்கள். அவரிடம் பௌதிகம் படித்த பிள்ளைகளைக் கேட்டால், விபூதியைக்கூட எடை போட்டுப் பார்த்துவிட்டுப் பூசுகிற மனிதர் என்பார்கள். இரண்டுமே உண்மை. நான் யார் பக்கமும் இல்லை. நடந்ததை மட்டும் எழுதி வைக்கிறேன்.

முனிசாமி ரோஸ் பெல் ஊர்க்காரர். அப்பா கரும்பு ஆலையில் வண்டிக்கு வண்டி எடை பார்த்தவர். மகன் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையை இரண்டாவது தடவையில் தாண்டி, தபாலில் லண்டன் பாடம் படித்து, வாத்தியார் ஆனார். ஆனால் எடை பார்க்கும் புத்தி ரத்தத்தில் இருந்தது. முதல் காலேஜில் (உயர்நிலைப் பள்ளிக்கு இங்கே காலேஜ் என்று பெயர்), வெயிலில் குச்சி நட்டு நிழலை அளந்து, மேனேஜரின் சுவர்க் கடிகாரம் காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு நிமிஷம் பின்தங்குவதாகப் பிள்ளைகளுக்கு நிரூபித்தார். பன்னிரண்டு நிமிஷம் அதிகமாக வேலை வாங்கப்பட்டதை மற்ற வாத்தியார்களும் புரிந்துகொண்டார்கள். முனிசாமிக்கு வேலை போயிற்று. இரண்டாவது காலேஜில் தராசுப் பாடத்துக்கு ரொட்டி வாங்கி வரச் சொன்னார். ரொட்டி ஒவ்வொன்றும் எடை குறைந்தது. ரொட்டிக் கடை மேனேஜருடைய மச்சானுடையது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாவது காலேஜிலிருந்து தானே விலகியதாக அவர் சொல்கிறார். மேனேஜர் அப்படிச் சொல்லவில்லை.

நான்காவது இடம் அப்பாசாமி காலேஜ். அதற்கு மேல் ஐந்தாவது என்று தீவில் எதுவும் பாக்கி இல்லை. இங்கேயும் போனால் ரோஸ் பெல் ஆலையில் அப்பாவின் நாற்காலி காத்திருந்தது. அம்மா அதைப் பதவி உயர்வாகவே நினைத்திருந்தார்.

அப்பாசாமி என்பவர் நாலடி பத்தங்குலம் உயரம். அதில் தொப்பியும் சேர்த்தி. கீழே அவருடைய செருப்புக் கடை, மேலே அவருடைய காலேஜ். பிள்ளைக்குத் தலையும் வேண்டும், காலும் வேண்டும், இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கவனிக்கிறேன் என்று சொல்லுவார். காலேஜ் விதிப்படி கறுப்பு ஷூ கட்டாயம். கறுப்பு ஷூ கீழே கிடைக்கும்.

கடையின் நடுநாயகம் ஒரு பெட்டி. மாதா கோவிலில் பாதிரியார் நின்று பேசுவாரே, அந்த மேடை மாதிரி மரத்தில் செய்தது. கீழே உள்ள துவாரத்தில் ஷூவோடு காலை நுழைத்து, மேலே உள்ள கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால், பச்சை வெளிச்சத்தில் உங்கள் கால் எலும்பு தெரியும். விரலை ஆட்டினால் எலும்பும் ஆடும். சுற்றிலும் ஷூவின் ஆணிகள் நட்சத்திரம் போல நிற்கும். எக்ஸ்ரே பெட்டி. லண்டனில் ஏதோ கடை இனி வேண்டாம் என்று தள்ளியது டர்பன் வழியாகக் கப்பலேறி, நம் தீவில் புதுசாக இறங்கியது. அங்கே ஏன் தள்ளினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால் நம் தீவில் பாதிச் சாமான் இறங்கியே இருக்காது.

ரோஷ் புவாவிலிருந்தும் ரோஸ் பெல்லிலிருந்தும் ஜனங்கள் பஸ் ஏறி வந்து தங்கள் எலும்பைப் பார்த்தார்கள். சம்பந்தம் பேச வந்தவர்களைக்கூட மாப்பிள்ளை வீட்டார் கூட்டி வந்து காட்டினார்கள். தைப்பூசக் காவடி மாதம் வந்தால் தனிக் கூட்டம். நம்மூரில் காவடி எடுக்கிறவர்களில் சிலர் ஆணிச் செருப்பில் நடப்பது வழக்கமில்லையா? நடப்பதற்கு முன்னால் ஒரு தடவை, நடந்த பின்னால் ஒரு தடவை பாதத்தைப் பார்த்துவிட்டால் விரதத்துக்கு நல்லது என்று அப்பாசாமி சொல்லி வைத்திருந்தார். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டால், இங்கிலீஷ் சாஸ்திரம் என்பார்.

இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நாலு வருஷமாக முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் அலமேலு. பட்டனை அழுத்துவது அவள் வேலை. சின்னப் பிள்ளைகள் காலை உதைத்தால், துவாரத்துக்குள் கையை விட்டுப் பாதத்தைப் பிடித்து நேராக வைப்பதும் அவள் வேலைதான். அறுபதாம் வருஷக் கரோல் புயலில் கூரை உத்தரம் விழுந்து பெட்டியின் வலது பக்கம் பிளந்தது. பழுது பார்த்த தச்சர் உள்ளே இருந்த ஈயத் தகட்டைப் பார்த்தார். மீன் வலைக்கு அருமையான எடை. தகடு கடலுக்குப் போயிற்று, அந்த இடத்துக்குப் பலகை வந்தது. பலகை அசிங்கமாக இருந்ததால் அப்பாசாமி அதன் மேல் முருகன் காலண்டர் ஒன்றை மாட்டினார். அலமேலுவின் முக்காலி அந்தப் பக்கம்.

அறுபத்தொன்றாம் வருஷம், ஜனவரி. மேலே ஐந்தாம் பாரம் வகுப்பில் முனிசாமி மின்காந்த அலைகள் நடத்திக்கொண்டிருந்தார். அந்த வகுப்பில் பாடம் ஆங்கிலத்தில், விளக்கம் பிரெஞ்சில், திட்டு தெருப் பேச்சான கிரியோலில். தமிழ் சாமிக்கு மட்டும். நான் எல்லாவற்றையும் தமிழில் தருகிறேன். சாமி மன்னிக்கட்டும்.

ஆய்வுக்கூடம் கிடையாது, கருவி கிடையாது. ஆகவே அவர் ஒரு குடும்பத்தை உண்டாக்கினார். ஒரே வீட்டில் ஏழு அக்கா தங்கைகள். எல்லோரும் ஒரே வேகத்தில் ஓடுவார்கள். மூத்தவள் ரேடியோ அலை. நீளமானவள், சாது. கொழும்பிலிருந்து பாட்டைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வருவாள், சுவரைத் தாண்டி, உன்னைத் தாண்டிப் போவாள், உனக்குத் தெரியவே தெரியாது. அடுத்தவள் ரேடார், கப்பல்காரர்களுக்கு மூட்டத்தில் வழி காட்டுகிறவள். அதற்கடுத்தவள் அடுப்பின் சூடு. நடுப்பெண் வெளிச்சம், எல்லோருக்கும் தெரிந்தவள், அவள் ஒருத்திதான் முகம் காட்டுவாள். ஐந்தாமவள் புற ஊதா. ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் கடற்கரையில் வெள்ளைக்கார மாலுமியை இறால் நிறமாக்குகிறவள். ஆறாமவள் எக்ஸ்ரே, சதை வழியாகப் புகுந்து எலும்பில் இடிப்பாள். கடைக்குட்டி காமா. வரவர அலை குள்ளமாகும். குள்ளமாக ஆக ஆகக் கோபம் அதிகமாகும்.

வகுப்பு சிரித்தது. முனிசாமி தன் உவமைக்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, "குள்ளமானதுகிட்ட எப்பவும் ஜாக்கிரதையா இருக்கணும்," என்று மறுபடியும் சொன்னார். வாசலில் அப்பாசாமி நின்றிருந்தார்.

அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு போனார்.

அவர் போன பிறகுதான் ஃப்ரான்சுவாஸ் எழுந்தாள். பதினாறு வயது கிரியோல் பெண், கேள்வி கேட்கவே பள்ளிக்கு வருகிறவள். கீழே இருக்கிற பெட்டியில் இருப்பது அந்த ஆறாவது தங்கைதானே என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் கோபக்காரி என்றீர்களே? ஆமாம், ஆனால் அரை நிமிஷத்தில் அவ்வளவாக ஒன்றும் செய்யமாட்டாள், கரும்புக் காட்டைக் குறுக்கே கடந்து போகிறவனுக்கு வெயில் என்ன செய்யும் என்றார். அவள் விடவில்லை. வாத்தியாரை இங்கே மிஸ்யே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அப்ப நாள் பூரா காட்டுல நிக்கிறவங்களுக்கு, மிஸ்யே?"

முனிசாமிக்குக் கீழே முக்காலியில் இருக்கிறவள் ஞாபகம் வந்தது. அந்த வாரத்தில் அவர் ஏற்கெனவே இரண்டு ஜோடி ஷூ வாங்கியிருந்தார். ஒரு மனிதனுக்கு இரண்டு கால்தான். ஏன் வாங்கினார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு தடவையும் அலமேலுவின் முகத்தைப் பார்த்தாரே ஒழியக் கையைப் பார்க்கவில்லை.

அன்று மதியம் இறங்கிப் போய்க் கையைப் பார்த்தார். வலது கை விரல்களின் தோல் சிவந்து, காய்ந்து, சோளத்தட்டு மாதிரி உரிந்திருந்தது. ஒரு நகம் கோணலாக வளர்ந்திருந்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அவள் சோப்பை மூன்று தடவை மாற்றியிருந்தாள். முனிசாமி ஏழு அக்கா தங்கை கதையைச் சொல்லாமல் நேராகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். பயந்தது மாதிரி தெரியவில்லை. களைத்தது மாதிரிதான் தெரிந்தது.

"சொல்றது சரி, மிஸ்யே. நான் எழுந்து போயிடறேன். நாளைக்கு இந்த முக்காலியில இன்னொரு பொண்ணு உக்காரும். அவ கையை யாரு பாப்பா?"



முனிசாமி மாடியேறி, ஆபீஸ் அறையில் இருந்த பாத்ரோனிடம் போனார். முதலாளியை இங்கே பாத்ரோன் என்றுதான் சொல்வார்கள். ஈயத் தகடு போய்ப் பெட்டி ஓட்டையாகிவிட்டது, கதிர் வெளியே வருகிறது, பெட்டியை நிறுத்த வேண்டும் என்றார். அப்பாசாமி, கதிர் எங்கே காட்டு என்றார். கண்ணுக்குத் தெரியாது என்றார் முனிசாமி. கண்ணுக்குத் தெரியாததற்காகக் கண்ணுக்குத் தெரிகிற வியாபாரத்தை நிறுத்தச் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டு, அப்பாசாமி அமைதியாக முடித்தார்.

"காவடி வரைக்கும் உனக்குத் தவணை, முனிசாமி. நிரூபி. இல்லேன்னா குள்ளமானவங்க கோபம் எப்படி இருக்கும்னு நீ பாடம் நடத்த வேண்டாம், நானே நடத்தறேன்."

நிரூபிக்க ஒரு வழி இருந்தது. போட்டோ எடுக்கிற காகிதத்தைக் கறுப்புத் தாளில் பொதிந்து, மேலே ஒரு சாவியை ஒட்டி, பெட்டியின் பக்கவாட்டில் சில நாள் வைத்தால் போதும். வெளிச்சம் கறுப்புத் தாளைத் தாண்டாது. ஆறாவது தங்கை தாண்டுவாள், ஆனால் சாவியைத் தாண்டமாட்டாள். காகிதத்தைக் கழுவினால் சுற்றிலும் கறுத்து, சாவி மட்டும் வெள்ளையாக விழும். வகுப்பு குதித்தது. ஃப்ரான்சுவாஸின் அண்ணன் ஜான்-பியேர் கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். காகிதம் அவனிடமிருந்து வந்தது. பெட்டியில் கொண்டுபோய் வைக்கிற வேலை கோபாலனுக்கு. கோபாலன் அந்த வருஷம் முதல் காவடி எடுக்கப் போகிற பையன். விரதத்தில் இருந்தான். விரதம் இருப்பவனை யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று முனிசாமி கணக்குப் போட்டார்.

கோபாலன் கால் பார்க்கிற சாக்கில் போய், காலண்டரைத் தூக்கி, பொட்டலத்தை அதன் பின்னால் செருகினான். அலமேலு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஒன்றே ஒன்று. கோபாலன் வீட்டில் பூட்டு கிடையாது, ஆகவே சாவியும் கிடையாது. உலோகமாக ஏதாவது இருந்தால் போதும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். பையனுடைய சட்டைப் பையில் இருந்த ஒரே உலோகம், காவடி அன்று நாக்கில் குத்திக்கொள்ள வாங்கி வைத்திருந்த சின்ன வெள்ளி வேல். அதை ஒட்டிவிட்டான்.

ஆறு நாள் கழித்துப் பொட்டலத்தை எடுத்து, வேலைப் பிரித்துப் பையில் போட்டுக்கொண்டு, காகிதத்தை ஃப்ரான்சுவாஸிடம் கொடுத்தான். அவள் அண்ணனிடம் கொடுத்தாள். ஜான்-பியேர் கழுவிக் கொடியில் காயப் போட்டான். சரியாக அந்த நேரம், குடும்பப் படம் வாங்க ஸ்டூடியோவுக்கு வந்து நின்றவர் பொன்னம்மா. அப்பாசாமியின் மனைவி, கோயில் மாதர் சங்கத்துக்கு அவர்தான் எல்லாம்.

கொடியில், கறுத்த காகிதத்தின் நடுவே, வெள்ளையாக ஒரு வேல் நின்றது.

இது எங்கே எடுத்தது என்று பொன்னம்மா கேட்டார். உங்கள் கடை எக்ஸ்ரே பெட்டியில் என்றான் ஜான்-பியேர். யார் எடுத்தது? யாரும் எடுக்கவில்லை மதாம், கேமராவே இல்லை, தானாக விழுந்தது. பெட்டியில் எந்த இடம்? அந்த முருகன் படத்துக்குப் பின்னால். ஜான்-பியேர் பொய் சொல்லாத பையன். அன்றைக்கு அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். பொன்னம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, காகிதத்தைக் கொடியிலிருந்து ஈரத்தோடு உருவிக்கொண்டு நடந்தார்.

மணி நாலு அடிப்பதற்குள் கடை வாசலில் கூட்டம். ஐந்து மணிக்கு மேளம். காகிதத்துக்குச் சட்டம் போட்டு, மாலை சாத்தி, பெட்டியின் மேல் வைத்தாயிற்று. காவடிக்கு மூன்றே நாள் இருந்தது. விரதக்காரர்கள் அத்தனை பேரும் வேல் விழுந்த பெட்டியில் பாதம் காட்டாமல் போவதில்லை என்று வரிசை கட்டினார்கள். அப்பாசாமிக்கு ஆனந்தம். வழக்கமாக ஆறு மணிக்கு மூடுகிற கடை எட்டு வரை திறந்திருந்தது. அலமேலு எட்டு வரை பட்டனை அழுத்தினாள்.

அதாவது, முனிசாமி அவளை முக்காலியிலிருந்து எழுப்பச் செய்த காரியம், இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார வைத்துவிட்டது.

அவர் மறுபடி மாடியேறினார். பாத்ரோன், அதுதான் நீங்கள் கேட்ட நிரூபணம், அந்த வேல் கதிர் எழுதியது என்றார். முருகன் எழுதியதைக் கதிர் எழுதியது என்று சொல்கிறாயா, வெளியே போய்ச் சத்தமாகச் சொல் பார்க்கலாம் என்றார் அப்பாசாமி. முனிசாமி கடைசி அம்பை விட்டார். பெட்டிக்குள் குழாய் கீழே இருக்கிறது, கதிர் மேலே பாய்கிறது, பலகைக் கூரைதான் நடுவில், நேர் மேலே இருப்பது உங்கள் நாற்காலி. அப்பாசாமி நாற்காலியைக் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தொட்டு ஒற்றிக்கொண்டார்.

"அதான் இந்த வருஷம் முட்டி வலி இல்ல."

வகுப்பில் கோபாலன் அழுகிற நிலையில் இருந்தான். வெள்ளி வேலை எடுத்துக்கொண்டு போய் எல்லார் முன்னாலும் காகிதத்தின் மேல் வைத்துக் காட்டிவிடுகிறேன் என்றான். முனிசாமி யோசித்தார். பையன் போனால், காவடிக்கு முந்தின நாள் சாமியைக் கேலி செய்தவன் என்று ஆகும். அவன் காவடியை யாரும் தூக்கிவிடமாட்டார்கள், அவன் அம்மா தெருவில் நடக்க முடியாது. நான் போகிறேன், நீ வாயைத் திறக்காதே என்றார். ராஜினாமாக் கடிதத்தை அழகான ஆங்கிலத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரோஸ் பெல் நாற்காலிக்கு அம்மா மெத்தை தைத்து வைத்திருப்பதாகக் கேள்வி.

காவடிக்கு முதல் நாள் சாயங்காலம். கடை நிறைந்திருந்தது. மஞ்சள் வேட்டியும் ரோஜா நிறத் துணியுமாக வரிசை தெரு வரை நீண்டிருந்தது. பொன்னம்மா சட்டத்துக்குப் பக்கத்தில் கற்பூரத் தட்டோடு நின்றார். முனிசாமி கோபாலனின் வேலைக் கையில் பொத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தார். பெட்டிக்கு முன்னால் நின்றார். பேச வாயைத் திறந்தார். வரிசையில் முதலாவதாக நின்ற ஆள், புது ஷூவோடு, காலைத் துவாரத்துக்குள் விடப் போனான்.

அலமேலு பட்டனிலிருந்து கையை எடுத்தாள்.

"பொன்னம்மாக்கா, ஒரு சந்தேகம்," என்றாள். குரல் பெரிசாக இல்லை. ஆனால் கற்பூரம் ஏற்றிய இடத்தில் எல்லாக் குரலும் கேட்கும். "சாமி வந்து உக்காந்த எடத்துல, செருப்புக் காலை உள்ள விடலாமா?"

அந்த ஆளின் கால் அந்தரத்தில் நின்றது.

வரிசையில் ஒவ்வொருவரும் தங்கள் காலைப் பார்த்தார்கள். நேற்றும் முந்தாநாளும் அந்தத் துவாரத்துக்குள் போய் வந்த கால். மாட்டுத் தோல் ஷூவோடு போய் வந்த கால். பின்னால் யாரோ மெதுவாக "ஐயோ" என்றார். முன்வரிசை ஒரு அடி பின்வாங்கியது. அடுத்த வரிசை இரண்டடி. பொன்னம்மா கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார்.

அப்பாசாமி ஓடி வந்தார். இது வெறும் பெட்டிதானே, கால் பார்க்கிற பெட்டிதானே என்றார்.

"முந்தாநாள் சாமின்னு சொன்னது யாரு?" என்றார் பொன்னம்மா.

அப்பாசாமிக்கு மூன்று காலேஜ் மேனேஜர்களின் தைரியம் இருந்தது. ஆனால் ஒரு மாதர் சங்கத்தின் முன்னால் அது போதவில்லை. பத்து நிமிஷத்தில் பெட்டியைத் தண்ணீர் தெளித்துக் கழுவ ஆரம்பித்தார்கள். மின்சாரம் ஓடுகிற பெட்டி. முனிசாமிதான் பாய்ந்து போய் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். சாமிக்குப் பக்கத்தில் ஒயர் இருக்கக் கூடாது, கற்பூரம் பட்டால் தீப்பிடிக்கும் என்று விளக்கினார். அது பௌதிகப்படியும் சரி. கையோடு கத்தரி கேட்டு வாங்கி, ஒயரை அடியோடு வெட்டினார். வாத்தியாருக்கு இவ்வளவு பக்தியா என்று கூட்டம் வியந்தது. சட்டைப் பையில் இருந்த கடிதம் தண்ணீரில் நனைந்து, மை கலைந்து, யாரும் படிக்க முடியாமல் போயிற்று.

மறுநாள் கோபாலன் அதே வேலை நாக்கில் குத்திக்கொண்டு காவடி எடுத்தான். ஃப்ரான்சுவாஸ் கோயில் வரை கூடவே நடந்து வந்தாள். அடுத்த வகுப்பில் கோபாலன் கேட்டான், விடை சரி, ஆனால் வழி தப்பு என்றால் கேம்பிரிட்ஜில் எத்தனை மார்க் போடுவார்கள் என்று. முனிசாமி கரும்பலகையைத் துடைத்தார். பாதி, என்றார்.

அலமேலுவிடம் அவர் பிறகு கேட்டார், அந்த வேல் எப்படி வந்தது என்று தெரியுமா என்று. அவள் அப்போது மரத்தில் அங்குலக் கோடு போட்ட பலகையில் ஒரு குழந்தையின் காலை அளந்துகொண்டிருந்தாள்.

"கோபாலன் ஒட்டினப்ப நான் ஜன்னல் கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், மிஸ்யே. சாமி யாரு கையால வருதுன்னு நான் ஏன் கேக்கணும்? வர வேண்டிய நேரத்துக்கு வந்துச்சு."

முனிசாமி அன்று மூன்றாவது ஜோடி ஷூ வாங்கினார். நாலாவது வாங்கவில்லை. அதற்குள் தாலி வாங்க வேண்டியிருந்தது.

பெட்டி இப்போது கடைக்குப் பின்கட்டில் சன்னதியாக இருக்கிறது. ஆனால் அப்பாசாமி வியாபாரி. கூட்டம் குறைகிற மாதங்களில் அவருக்கு யோசனை வரும். சாமிக்குப் பச்சை விளக்கு எரிந்தால் எப்படி இருக்கும் என்று இரண்டு தடவை எலக்ட்ரீஷியனை வரவழைத்திருக்கிறார். ஆகவே முனிசாமி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போகிறார். பெட்டிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறார். நெற்றி தரையில் இருக்கும். வலது கை மட்டும் நீண்டு, பெட்டிக்குப் பின்னால் போய், புது ஒயர் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்கும். ஐந்து நிமிஷம் ஆகும்.

பார்க்கிறவர்கள் கண் கலங்குகிறார்கள். பக்கத்தில் அலமேலு கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விரல் தோல் ஆறிவிட்டது. நகம் ஒன்று மட்டும் இன்னும் கோணலாகவே வளர்கிறது.